கடலின் பழைய சூட்டைச் சொல்லும் ஓடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேங்காய்ப்பட்டணத்துக்கும் நீரோடிக்கும் இடையே உள்ள கரையோர ஊர் ஒன்றில் பிறந்தவள் நான். நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அதாவது கேரளம். சில ஆண்டுகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, கடலடி வண்டலிலிருந்து ஓடு பொறுக்கும் வேலை பார்த்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் கேள்விகள் காத்திருக்கும். கடலில் ஐம்பது ஆண்டு உழைத்த ஒரு பெரியவர், "மக்களே, அந்தப் பொடியைப் பார்த்து அன்றைய தண்ணீரின் சூடு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அன்று திண்ணையில் அரைமணி நேரம் பேசியும் முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. அவர் கேட்டதும், அவருக்குப் பிறகு பலர் கேட்டதும் கீழே இருக்கின்றன.

எந்த ஓடு? சிப்பியா, சங்கா?

இரண்டும் இல்லை. ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரியின் ஓடு. நீளமான பெயர் என்பதால் ஆய்வுக்கூடத்தில் ஃபோராம் என்போம். கடலின் மேல்நீரில் மிதந்து வாழும் வகைகளில் இன்று உயிரோடு இருப்பவை ஐம்பதுக்குள்தான். கடலடியில் ஊர்ந்து வாழும் வகைகளோ ஆயிரக்கணக்கில் உண்டு. மிதப்பவற்றின் ஓடு பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டவைத்துச் சுருட்டியதுபோல இருக்கும். ஒவ்வோர் உருண்டையும் ஓர் அறை, சுவரெல்லாம் துளை. ஓட்டின் பொருள் கால்சியம் கார்பனேட். நம் வீடுகளுக்கு வெள்ளையடிக்கச் சிப்பி சுட்டு நீற்றினார்களே, அந்தச் சிப்பியும் இதே பொருள்தான்.

அந்த உயிரி சில வாரங்களே வாழ்கிறது. சில வகைகள் நிலவின் கணக்குப்படி இனம் பெருக்குகின்றன. ஹாஸ்டிஜெரினா பெலாஜிகா என்ற வகை பௌர்ணமி கழிந்த சில நாட்களில் இனப்பெருக்கம் செய்து மடிகிறது. நிலவு பார்த்து வலை போடுகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. உயிர் போனதும் வெற்று ஓடு கீழே இறங்கி, மழைபோல் கடலடியில் படிகிறது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பலின் பயணம், ஆழ்கடல் தரையின் மிகப் பெரிய பரப்பு இந்த ஓடுகளால் ஆன சேறுதான் என்று காட்டியது.

சிலிக்காவால் ஓடு கட்டும் டயாட்டம், ரேடியோலேரியா போன்ற மிதவை உயிரிகளும் உண்டு. அவையும் பழங்கடலுக்குச் சாட்சிகள்தான். எனக்குக் கைப்பழக்கம் ஃபோராமில் என்பதால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

சரி, ஓட்டைப் பார்த்துத் தண்ணீரின் சூட்டை எப்படிச் சொல்கிறார்கள்?

முதல் வழி உங்களுக்கே தெரிந்தது. வலையின் மடியில் விழுந்த மீனைப் பார்த்து, தண்ணீர் எப்படிக் கிடக்கிறது என்று நம் ஆட்கள் சொல்லிவிடுவார்கள். ஃபோராமிலும் அப்படித்தான். ஒவ்வொரு வகைக்கும் பிடித்த நீர் ஒன்று இருக்கிறது. குளோபிஜெரினாய்டஸ் ரூபர் தன் உடலுக்குள் நுண்பாசிகளை வளர்ப்பது. பாசிக்கு வெயில் வேண்டும், ஆகவே அது வெதுவெதுப்பான மேல்நீரை விட்டு அகலாது. குளோபிஜெரினா புல்லாய்டஸுக்கு அத்தகைய கூட்டாளி இல்லை. தேடித் தின்ன வேண்டும். ஆகவே குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வரும் இடத்தில் அது பெருகும். ஒரு வண்டல் அடுக்கில் எந்த வகை எத்தனை என்று எண்ணினால் அன்றைய மேல்நீரின் குணம் தெரிந்துவிடும். வழக்கமாக ஒரு மாதிரிக்கு 300 ஓடுகளாவது எண்ணுவோம்.

இப்படி எண்ணும் முறைக்கு நல்ல வயதாகிறது. 1935இல் வுல்ஃப்காங் ஷாட் என்ற ஜெர்மானியர், மீட்டியார் என்ற கப்பல் அட்லாண்டிக்கில் எடுத்த வண்டலில் குளோபோரொட்டாலியா மெனார்டி என்ற வெப்பநீர் வகை ஓர் அடுக்கில் மட்டும் காணாமல் போயிருப்பதைக் கண்டார். அந்த அடுக்கு பனியுகத்தைச் சேர்ந்தது. 1971இல் இம்ப்ரி, கிப் என்ற இருவர் வகைகளின் விகிதத்தைக் கணிதத்தால் வெப்பநிலையாக மாற்றினார்கள்.

சுருளும் பக்கம்கூடப் பேசும். சங்கில் வலம்புரி, இடம்புரி பார்ப்பது நம் கரையோர வழக்கம். வடதுருவக் கடலில் நியோகுளோபோகுவாட்ரினா என்ற இனத்தின் இடப்பக்கம் சுருளும் ஓடுகள் கடுங்குளிர் நீருக்கு அடையாளம், வலப்பக்கம் சுருள்பவை அதைவிட வெப்பமான நீருக்கு. ஒரே வகைதான் குளிருக்கு ஏற்பப் பக்கம் மாறுகிறது என்று நெடுநாள் நினைத்தார்கள். இரண்டும் தனித்தனி வகைகள் என்று மரபணு பின்னர் காட்டியது.

ஓட்டின் ஆக்சிஜனை எடை போடுகிறார்களாமே, அது என்ன?

வீட்டில் ஒரு சிப்பி ஓட்டின் மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். நுரைத்து வரும் குமிழில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. ஆய்வுக்கூடத்தில் எலுமிச்சைக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலம். அந்த வாயுவைப் பிடித்து, நிறை நிறமாலைமானி என்ற கருவியில் செலுத்தி, அதில் உள்ள ஆக்சிஜனில் கனமானது எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று அளக்கிறோம்.

ஆக்சிஜன் அணுக்களில் சுமார் 500க்கு ஒன்று கனமான ஆக்சிஜன்-18. மற்றவை ஏறக்குறைய எல்லாமே ஆக்சிஜன்-16. நீர் குளிராக இருந்தால் ஓட்டுக்குள் கனமானது சற்றுக் கூடுதலாக நுழைகிறது. இதை வைத்துப் பழைய வெப்பநிலையை அளக்கலாம் என்று 1947இல் ஹெரால்டு யூரே எழுதினார். ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால், ஏறத்தாழ 4 முதல் 4.5 டிகிரி செல்சியஸ் வேறுபாடு.

இங்கேதான் ஒரு பெரிய தகராறு எழுந்தது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த பகுதி இது. 1955இல் செசாரே எமிலியானி கடலடி ஓடுகளை அளந்து, பனியுகங்கள் பலமுறை வந்து போனதைக் காட்டினார். அளவில் தெரிந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு வெப்பநிலையால் வந்தது என்றும் சொன்னார். ஆனால் ஓடு தன் ஆக்சிஜனைத் தண்ணீரிலிருந்துதானே எடுக்கிறது? தண்ணீரே மாறியிருந்தால்? கடல் ஆவியாகும்போது லேசான ஆக்சிஜன் முந்திக்கொண்டு மேலே போகிறது. வழக்கமாக அது மழையாகி ஆற்றுவழி கடலுக்குத் திரும்பிவிடும். பனியுகத்தில் திரும்பவில்லை. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மலைபோல் குவிந்த பனிக்கட்டியில் சிறைப்பட்டது. ஆகவே சூடு மாறாவிட்டாலும் உலகக் கடல் முழுதும் கனமாகியிருக்கும்.

1967இல் நிக்கோலஸ் ஷாக்கில்டன் இதைச் சோதித்த முறை அழகானது. மேல்நீரில் மிதந்த ஓட்டை விட்டுவிட்டு, அடியாழத்தில் வாழ்ந்த ஓட்டை எடுத்தார். ஆழ்கடல் நீர் இன்றே உறைநிலைக்கு அருகில் இருக்கிறது, இனி அதிகம் குளிர இடமில்லை. அப்படியும் அந்த ஓடுகளில் ஏறக்குறைய அதே அளவு மாற்றம் தெரிந்தது. அப்படியானால் எமிலியானியின் கோடுகளில் பெரும்பகுதி சூட்டைக் காட்டவில்லை, பனியைக் காட்டியது. எமிலியானியின் அளவுகளில் குறையில்லை. அளந்தது எதை என்பதில்தான் மாற்றம் வந்தது.

அப்படியென்றால் சூட்டையும் பனியையும் உப்பையும் பிரிப்பது எப்படி?

இரண்டாவது சாட்சியை அழைக்கிறோம். ஓடு கட்டும்போது கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் மக்னீசியமும் ஏறிவிடும். நீர் சூடாக இருந்தால் அதிகம் ஏறும். ஒரு டிகிரிக்குச் சுமார் 9 சதவீதம். பனிக்கட்டி எவ்வளவு குவிந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக அசையாது. ஆகவே மக்னீசியத்திலிருந்து சூடு கிடைக்கிறது. அந்தச் சூட்டுக்குரிய பங்கை ஆக்சிஜன் அளவிலிருந்து கழித்தால் மிஞ்சுவது தண்ணீரின் சொந்த மாற்றம்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. பனியுக ரூபர் ஓடு இன்றையதைவிட ஆயிரத்தில் 2 பங்கு கனமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலகப் பனிக்கட்டியால் வந்தது சுமார் 1. மக்னீசியம் 2.5 டிகிரி குளிர்ச்சி என்கிறது, அதற்குச் சுமார் 0.55. மீதி 0.45 அந்த இடத்து நீர் இன்றையதைவிட உப்பாக இருந்ததற்கு, அதாவது மழைநீரும் ஆற்றுநீரும் குறைவாக வந்து சேர்ந்ததற்கு அடையாளம். ஒரே ஓட்டிலிருந்து சூடும் கிடைக்கிறது, மழையும் கிடைக்கிறது.

நம் கடலைப் பற்றி என்ன தெரிந்திருக்கிறது?

நம் கடல் சாதாரணக் கடல் அல்ல. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலமே இரண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு பருவக்காற்றுகளின் ஆட்சி. ஆனி, ஆடியில் காற்றும் நீரோட்டமும் கரையோரமாகத் தெற்கே இழுக்க, மேல்நீர் கரையை விட்டு விலகி, அடியிலிருந்து குளிர்நீர் எழும்புகிறது. இது நம் முனையில் தொடங்கி வடக்கே கேரளக் கரைக்கு ஏறும். சாளையும் நெத்தோலியும் பெருகுவது அந்த நீர் கொண்டுவரும் சத்தினால். கார்த்திகைக்குப் பிறகு நீரோட்டம் திரும்பி, கங்கையும் பிரம்மபுத்திராவும் கலந்த உப்புக் குறைந்த வங்கக்கடல் நீர் இலங்கையைச் சுற்றி நம் பக்கம் வந்து மேற்குக் கரையோரம் வடக்கே போகிறது. சித்திரை, வைகாசியிலோ நமக்கு மேற்கே உள்ள கடல் 30 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிறது. இத்தனையும் ஓடுகளில் பதிகின்றன. இந்தக் கரையில் பிறந்த ஒருத்திக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

பருவக்காற்றின் பலத்தைப் படிக்க ஆய்வாளர்கள் அதிகம் நாடியது ஓமான் கரை. தென்மேற்குக் காற்று அங்கேதான் குளிர்நீரை மிக வலுவாக இழுக்கிறது. காற்று பலத்தால் புல்லாய்டஸ் பெருகும், சோர்ந்தால் குறையும். காரக்பூர் ஐஐடியின் அனில் குப்தாவும் இரு அமெரிக்க ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, கடந்த சுமார் 11,000 ஆண்டுகளில் வட அட்லாண்டிக் குளிர்ந்த போதெல்லாம் நம் தென்மேற்குப் பருவக்காற்று சோர்ந்ததைக் காட்டியது. பனியுகத்தின் உச்சத்தில், அதாவது சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், அந்தக் காற்று இன்றையதைவிட பலவீனம். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் இன்றையதைவிடச் சுமார் 2 முதல் 3 டிகிரி குளிர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிந்து நதி கடலில் சேரும் இடத்துக்கு அப்பால் எடுத்த வண்டலில், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் ரூபர் ஓடுகளின் ஆக்சிஜன் சட்டென்று கனமாகிறது. ஆற்றுநீர் வரத்து குறைந்ததன் தடயம் அது. சிந்துவெளி நகரங்கள் தளர்ந்த காலமும் அதை ஒட்டியதே. நகரங்கள் சிதறியதற்கு வறட்சி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓடு தண்ணீரைப் பற்றித்தான் சொல்கிறது. மனிதர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பது அதற்குத் தெரியாது.

ஆயிரம் மீட்டர் ஆழத்துச் சேற்றைக் கலையாமல் எப்படி மேலே கொண்டுவருகிறார்கள்?

புட்டுக் குழலை நினைத்துக்கொள்ளுங்கள். எடை கட்டிய நீண்ட இரும்புக் குழாயைக் கப்பலிலிருந்து இறக்குவார்கள். அது தன் பாரத்தில் சேற்றுக்குள் சொருகிக்கொள்ளும். மேலே தூக்கி, உள்ளிருப்பதைத் தள்ளி எடுத்தால், மாவும் தேங்காயும் அடுக்கிய புட்டுபோல மேலே புதியதும் கீழே பழையதும் வரிசை குலையாமல் வரும். நம் நாட்டில் சாகர் கன்யா கப்பல் 1983 முதல் இந்த வேலையில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு வாக்கில் ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் பருவக்காற்றின் வரலாற்றுக்காகவே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் துளைத்தது.

பிறகு சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டி, 63 மைக்ரான் சல்லடையில் கழுவுவோம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சேறு ஓடிப்போய் வெள்ளை மணல் மிஞ்சும். அதைக் கட்டம் போட்ட கறுப்புத் தட்டில் தூவி, நுனி நனைத்த மெல்லிய தூரிகையால் ஒவ்வோர் ஓடாகத் தொட்டு எடுக்க வேண்டும். ஓர் ஓட்டின் எடை ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு அளவு. மின்விசிறியை அணைத்துவிடுவோம். மூச்சைக்கூட முகத்தைத் திருப்பித்தான் விடுவோம். நண்பகலுக்குள் ஒரு தட்டு முடிந்தால் நல்ல நாள்.

வயது எப்படித் தெரிகிறது?

சுமார் 40,000 ஆண்டுகள் வரை, காலப்போக்கில் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 ஓட்டில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது சொல்லும். அதற்கும் பழையதென்றால் அடையாளக் கற்கள் உண்டு. சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது விழுந்த சாம்பல் நம் இரு கடல்களின் வண்டலிலும் கிடக்கிறது. இன்னொன்று ரூபரின் இளஞ்சிவப்பு வடிவம். அட்லாண்டிக்கில் இன்றும் வாழ்கிறது, இந்தியப் பெருங்கடலில் சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோனது. வெள்ளை ஓடுகளையே நாள் கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, திடீரென்று ரோஜா நிறத்தில் ஓர் ஓடு எதிர்ப்பட்டால் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடும். அந்தக் காலத்துக்கும் கீழே இறங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

இதையெல்லாம் எவ்வளவு நம்பலாம்?

குறுக்கு விசாரணை செய்து நம்பலாம். கடலடிப் புழுக்கள் மேல் 10 சென்டிமீட்டர் அளவுக்கு வண்டலை உழுதுவிடும். ஆயிரம் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் படியும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் துண்டே நூறு ஆண்டுகளின் சராசரி. அதையும் புழு கலக்கியிருக்கும். 4 முதல் 5 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு ஓடு கரைந்தே போகும். பாதி கரைந்த ஓட்டில் மக்னீசியம் முதலில் வெளியேறுவதால் கடல் உண்மையைவிடக் குளிராக இருந்ததுபோலத் தோன்றும். ஓட்டின் துளைகளில் களிமண் ஒட்டியிருந்தால் களிமண்ணின் மக்னீசியம் சேர்ந்து சூடாகத் தோன்றும். அதனால்தான் கழுவிக் கழுவி எடுக்கிறோம்.

பருவமும் ஏமாற்றும். ஒரு வகை ஆடியில்தான் பெருகுகிறது என்றால் அது சொல்லும் சூடு ஆடியின் சூடு, ஆண்டின் சராசரி அல்ல. ஆனால் இந்தக் குறையையே பயனாக்கவும் வழி இருக்கிறது. பத்து இருபது ஓடுகளைச் சேர்த்து அளக்காமல் தனித்தனியே அளந்தால், ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆண்டின் ஏதோ ஒரு மாதத்தைச் சொல்லும். அளவுகள் விரிந்து கிடந்தால் அந்தக் காலத்தில் பருவ வேறுபாடு பெரிது, நெருங்கிக் கிடந்தால் சிறிது.

குமரிக்கண்டம் மூழ்கியதற்கு இந்த ஓடுகள் சாட்சியா?

நம் ஊரில் யாரும் கேட்காமல் விடாத கேள்வி. பனியுக உச்சத்தில் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று இராமேசுவரத்திலிருந்து இலங்கைக்கு நிலத்தில் நடந்து போகலாம். குமரி முனைக்குத் தெற்கேயும் கரை இன்றையதைவிட வெகுதூரம் தள்ளி இருந்தது. பனி உருகி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை கடல் ஏறிக்கொண்டே வந்தது. கடல்கோள் பற்றிய நினைவுகளை அந்தக் கரையோர நில இழப்போடு சேர்த்து யோசிக்க இடம் இருக்கிறது.

ஆனால் தெற்கே ஒரு பெருங்கண்டம் இருந்து மனிதர் காலத்தில் மூழ்கியது என்பதை ஓடுகள் மறுக்கின்றன. 1972இல் இந்தியப் பெருங்கடலின் அடித்தரையைப் பல இடங்களில் துளைத்தபோது, மிதவை ஓடுகளின் சேறு கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகக் கிடைத்தது. நிலமாக இருந்த இடத்தில் அந்தச் சேறு படிந்திருக்காது. தமிழின் பழமைக்கு மூழ்கிய கண்டம் ஒன்றின் துணை தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஒக்கி போன்ற புயலை இவை முன்கூட்டிச் சொல்லுமா?

சொல்லாது. 2017 நவம்பர் 30ஐ மறக்க முடியாத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அந்த வீட்டாரிடம் சுற்றிவளைத்துப் பேசக் கூடாது. நூறாண்டைச் சராசரியாக்கித் தரும் வண்டலில் ஒரு நாளின் புயல் தெரியாது. புயலைச் சொல்வது செயற்கைக்கோளும் வானிலை மையமும், அந்தச் செய்தி ஆழ்கடலில் இருக்கும் படகுக்குப் போய்ச் சேரும் வழியும்தான்.

ஓடுகளின் பயன் வேறிடத்தில். புயலுக்குத் தீனி கடலின் சூடு. அந்தச் சூடு இனி எவ்வளவு ஏறும் என்று கணினியில் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்க, பழைய பனியுகக் கடலை அதே கணக்கு சரியாகச் சொல்கிறதா என்று ஒப்பிடுகிறார்கள். ஒப்பிடும் விடைத்தாள் இந்த ஓடுகள்.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து கடல் அமிலமாவது இவற்றைப் பாதிக்கிறதா?

பாதிக்கிறது. தென்பெருங்கடலில் இன்று வாழும் புல்லாய்டஸின் ஓடு, அதே இடத்து வண்டலில் கிடக்கும் பழைய ஓட்டைவிட 30 முதல் 35 சதவீதம் எடை குறைவு என்று 2009இல் வெளியான ஆய்வு கண்டது.

வீட்டில் ஃபோராமைப் பார்க்க முடியுமா?

மிதக்கும் வகை கரை மணலில் அரிது. கடலடி வகைகள் கிடைக்கும். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் பொழிமுகத்தின் பக்கம், அலை விட்டுப்போன வெண்மையான கோட்டிலிருந்து ஒரு கைப்பிடி மணல் எடுங்கள். கறுப்பாக இருப்பது இல்மனைட், சிவப்பு கார்னெட். இரண்டும் கனம். அவை மிகுந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காயவையுங்கள். காய்ந்ததை ஒரு கிண்ணத் தண்ணீரில் மெல்லத் தூவினால், உள்ளே காற்று அடைத்த ஓடுகள் சில, கொஞ்ச நேரம் மேலே மிதக்கும். அவற்றை ஈரத் தூரிகையால் தொட்டுக் கறுப்புத் தாளில் வைத்து, 20 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸால் பாருங்கள். மணல் கண்ணாடித் துண்டுபோல மினுங்கும். ஓடு பால்வெள்ளையாக, மங்கலாக, சுருண்டு இருக்கும். கிடைத்ததைத் தீப்பெட்டியில் போட்டு, எடுத்த இடத்தையும் தேதியையும் மேலே எழுதிவையுங்கள். இடமும் தேதியும் இல்லாத ஓட்டை எந்த ஆய்வுக்கூடமும் வாங்காது.